ஒன்று நாற்பது

அலாரம் வைத்ததில்லை.
பங்குனி பிறந்த நாலாம் நாள்
இரவு ஒன்று நாற்பதுக்கு
வலக்கண்ணுக்குப் பின்னால் ஒருவன் வந்து
பட்டறை திறப்பான்.

கண் ஒன்று மட்டும் அழும்.
மூக்கு ஒரு பக்கம் மட்டும் ஒழுகும்.
இடப்பக்கத்து நான்
ஒன்றும் நடக்காதவன்போல்
கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மற்ற தலைவலிக்காரர்கள்
விளக்கணைத்துச் சுருண்டுகொள்வார்களாம்.
இது படுக்க விடாத வலி.
கொண்டலாம்பட்டி பைபாஸ் வரை நடப்பேன்
திரும்பி நடப்பேன்
மோட்டார் ரூம் சுவரில் நெற்றியை முட்டி
நூறு எண்ணுவேன், இருநூறு எண்ணுவேன்,
சுண்ணாம்பு உதிரும்.
தெரு நாய்களுக்கு நான் பழகிவிட்டேன்.

சைனஸ் என்றார் செவ்வாய்ப்பேட்டை டாக்டர்.
பல் என்றார் ஐந்து ரோட்டில் ஒருவர்,
பிடுங்கியும் கொடுத்தார்,
நல்ல பல்.
மாமியார் எலுமிச்சை சுற்றி முச்சந்தியில் நசுக்கினாள்.
"தலைவலிதானே" என்றார் டிப்போ முதலாளி,
லீவு நோட்டைப் புரட்டியபடி.
வலி வைகாசியில் போய்விட்டது.
அந்தத் "தானே" தீபாவளி வரை இருந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில்
மச்சானை ரயிலேற்ற ஜங்ஷன் போனேன்.
என் வலி அன்று முந்தியே வந்து
முடித்துக்கொண்டு போயிருந்தது.
நாலாம் பிளாட்பாரத்தில் ஒரு பெண்
தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே
போகிறாள், வருகிறாள்,
ஒரு கை ஒரு கண்மேல்.
"தண்ணி போட்டிருக்கு" என்றான் டீக்காரன்.
எனக்குத் தெரிந்துவிட்டது
அசலூரில் நம்மூர்க்காரனைப்
பேச்சில் கண்டுபிடிப்பதுபோல.

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
தோளைத் தொடவில்லை, தொட்டால் எரியும்.
இரண்டு முழம் தள்ளிக்
கூடவே நடந்தேன்.
தூண், குழாய். குழாய், தூண்.
ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிந்தது.

ஐம்பது நிமிஷம் கழித்து
பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்தாள்.
"உங்களுக்கு எந்தக் கண்ணு?"
"வலது."
"எனக்கு இடது" என்றாள்.
இருவரும் சிரித்துவிட்டோம்,
ஒரு ஜோடிக் கண்ணாடியைப்
பங்கு போட்டுக்கொண்டவர்கள்போல.

பெயர் பிலோமினாள்.
ஏற்காட்டில் பள்ளி விடுதிச் சமையல்.
கோவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள்,
பைக்குள் ஒரு சீட்டு.
கொத்துத் தலைவலி என்று பெயராம்.
"பொம்பளைங்களுக்கு வராதுன்னே
ஆறு வருஷம் ஓட்டிட்டாங்க."
பிறகு சீட்டைத் தடவிப் படித்தாள்:
ஆக்சிஜன். முகமூடி வைத்து.
நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர்.

நான் என் கைகளைப் பார்த்தேன்.
எட்டு வருஷமாக
கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாய்
அதை உருட்டி உருட்டி
லாரியில் ஏற்றிய காய்ப்பு.
அதன்மேல் சாய்ந்து
நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்,
எத்தனை மதியம்.

நானும் கோவை போனேன். எனக்கும் சீட்டு வந்தது.
டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார் முதலாளி.
முதல் இரவு, குனிந்து உட்கார்ந்து,
பதினாலாம் நிமிஷம்
கண்ணுக்குப் பின்னால் இருந்தவன்
சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம்.
அழுதேன், இரண்டு கண்ணாலும்.

எல்லா இரவும் கேட்பதில்லை.
கேட்காத இரவில் போன் ஒரு மணி அடித்து நிற்கும்.
மலையில் அவள் நடப்பாள், கீழே நான்.
பேச்சு இருக்காது, மூச்சு மட்டும்.
வடக்கே இருட்டில் மலைப்பாதை விளக்குகள்,
அதில் எது அவள் என்று பார்த்துக்கொண்டே நடப்பேன்.

இப்போது மூன்றாவதாகச் சென்றாயன்,
ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கணக்கர்.
இன்னும் சீட்டு கிடைக்கவில்லை.
பல் இரண்டு போயிற்று.

நேற்று எனக்கு வலி இல்லை, ஆடி மாசம்.
ஒன்று நாற்பதுக்கு போன் அடித்தது.
"நடக்கிறேண்ணா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.
செருப்பைத் தேடி மாட்டினேன்.
பைபாஸ் வரை போய்த் திரும்பினேன்,
அவன் வேகத்துக்கு,
காதில் அவன் மூச்சு.

நெற்றி முட்டாமல்
மோட்டார் ரூமைக் கடந்தபோது
நாய்கள் எழுந்து
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.