முன்னால் நடந்ததற்கு ஹேட்

தண்டையார்பேட்டையில்
குக்கர் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
ஏழு மணிக்கு மேலே இங்கிலீஷ் ஆரம்பிக்கும்,
கீழே யாருடைய குக்கரோ விசில் அடித்துப் பார்க்கும்.
ரிஸ்வானுக்கு இருபத்து நாலு வயது,
எனக்கு நாற்பத்தொன்று.
சார் என்றுதான் கூப்பிடுகிறேன்.

"நடந்து முடிஞ்ச விஷயம் ரெண்டு இருந்தா
முன்னால் நடந்ததற்கு ஹேட் போடுங்க."
பலகையில் ஒரு ரயில் வரைந்தார்.
நான் ஸ்டேஷனை அடைந்தபோது
ரயில் புறப்பட்டிருந்தது.
ஜெசிந்தா கை தூக்கினாள்:
கொருக்குப்பேட்டைக்கு நான் போய்ச் சேர்ந்தபோதெல்லாம்
கேட் போட்டிருந்தது சார்.
வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.
கரெக்ட், அதுவும் ஹேட்தான் என்றார்.

அடுத்த வாரம் வாஸ், கூட ஒரு ஐஎன்ஜி.
முடியாமல் நடந்துகொண்டே இருந்ததற்கு.
சொல்லிக்கினு இருந்தான், தூங்கினு இருந்தா:
பால்குடி மறக்காத எங்கள் பிள்ளைகளுக்கே தெரிந்த காலம் அது.
பாலம் தாண்டிப் போனால்
இந்தக் 'கினு'வுக்குத்தான் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
சார் அதைப் பலகையில் எழுதி
பக்கத்தில் இங்கிலீஷை வைத்து
நடுவில் சமக்குறி போட்டார்.
என் வாய்க்கு இலக்கணம் இருக்கிறது என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

எண்ணூர் ஹைரோட்டில்
டிரெய்லர்கள் வால் பிடித்து நிற்கும் யார்டில்
எனக்கு நைட் ஷிப்ட்.
எந்தப் பெட்டி வந்தது, எது போனது.
மூன்று வருஷமாக ரெஜிஸ்டரில்
'சீல் புரோக்கன்' என்று மட்டும் எழுதுகிறேன்.
எப்போது உடைந்தது, யார் உடைத்தது,
யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டே கால்.
சங்கிலி அறுந்தது. இருதயராஜ் விழுந்தான்.
இடது முட்டிக்குக் கீழே
ஸ்டான்லியில் எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன்.
வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தான்:
மேல நிக்கிறேன், அறுவுது,
பெட்டி என் மேல ஆடினு வருது, குதிக்கிறேன்.
போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.
அவன் இன்னும் குதித்து முடிக்கவில்லை.

"நீதான் கிளாஸ் போறீங்களே,
இன்ஷூரன்ஸ் ரிப்போர்ட்டை நீங்களே அடிங்க."
நீயில் ஆரம்பித்து நீங்களில் முடித்தார் மேனேஜர்.
பிறகு என் தோளுக்குப் பின்னால் நின்று
ஒரே ஒரு வார்த்தையை இடம் மாற்றச் சொன்னார்.

சங்கிலி அறுந்தபோது
அவன் பெல்ட்டைக் கழற்றியிருந்தான்.

ஒரு பிழை கிடையாது.
ரிஸ்வான் சார் பார்த்தால் டிக் போடுவார்.

ஆனால் அந்த ராத்திரி
கேபின் ஜன்னலில் டீ கிளாஸோடு நான் நின்னுகினு இருந்தேன்.
பெல்ட்டை அவன் மாட்டினுதான் இருந்தான்.
சங்கிலி அறுந்தது. பெட்டி அவன் பக்கம் வந்தது.
அப்புறம்தான்,
ஒரு தும்மல் அளவுக்கு அந்த அப்புறம்,
கொக்கியைக் கழற்றிவிட்டுக் குதித்தான்.

அவன் பெல்ட்டைக் கழற்றியபோது
சங்கிலி அறுந்திருந்தது.

அதே அவன், அதே சங்கிலி, அதே பெல்ட்டு.
ஹேட் இந்தப் பக்கம் உட்கார்ந்தால்
அவன் மனைவி புளோரா கையில் பணம்.
அந்தப் பக்கம் உட்கார்ந்தால்
நிறுவனம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.

பேனா எடுத்து உள்ளங்கையில்
தமிழில் எழுதிப் பார்த்தேன்: ஹேட்.
வெறுப்புக்கும் அதே எழுத்து.

வாடகை ஏழாயிரம். பையன் பிளஸ் டூ.
இதையும் அப்போது யோசித்தேன்,
யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

போன் பேச வெளியே போன மேனேஜர்
திரும்பி வந்தார்.
கோபம் வந்தால் அவருக்கும் பழைய வண்ணாரப்பேட்டைதான்.
"இன்னாம்மா பண்ணினு இருக்கே?"

அடிச்சினு இருக்கேன் சார் என்றேன்.

அதை நான் சொன்னபோது
மெயில் போயிருந்தது.