எட்டில் ஒரு பங்கு

இரண்டு குதிரைத் திறன் வேண்டும் என்றது நான்தான்.
காரைக்குடிக் கடைக்காரர் ஒன்று போதும் என்றார்.
பள்ளத்தூரில் எவராவது எதையாவது
போதும் என்று வாங்கியிருக்கிறார்களா?

கொல்லைப்புறத்தில் முப்பதடிக் குளம், நீல ஓடு.
மோட்டார் அறைக்குள் ஒரு லாரி
நாள் முழுக்க மேடேறிக்கொண்டிருந்தது.
தண்ணீரோ
சளி பிடித்த மூக்காய்ச் சிந்தியது.

உமையாள் மின்கட்டண ரசீதைச்
சாப்பாட்டு மேசையில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.
அடுத்ததை
இலையிலேயே பரிமாறினாள்.

தேவகோட்டையிலிருந்து இருதயமேரி வந்தாள்,
ஸ்கூட்டரில், இரண்டு பிவிசி குழாய்களை
ஈட்டிபோல் சாய்த்துக் கட்டிக்கொண்டு.
மோட்டாரைப் பார்க்கவில்லை. காது கொடுத்தாள்.
"கல்லை மெல்லுது," என்றாள்.

கூடையைத் திறந்தால்
வேப்பம்பூ, ஒரு பிளாஸ்டர்,
மச்சினன் மகனுடைய நீச்சல் கண்ணாடியின் வார்,
தலைமுடி.
(யாருடையது என்று அவள் கேட்கவில்லை.)
மூடி வளையத்தில் ஒரு வெடிப்பு.
இத்தனை நாளும் அந்த வழியாகக்
காற்றைக் குடித்திருக்கிறது.

பிறகு, உறிஞ்சும் குழாய்.
ஒன்றரை இஞ்சு. ஐந்து எல்போ.
கொத்தனார் அடைக்கலம்
மாதுளைச் செடியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தான்.
செடி செத்து மூன்று வருஷம்.
குழாய் இன்னும் அதற்கு வழிவிட்டுக் கிடந்தது.

அறுத்தாள். இரண்டு இஞ்சில் நேராகப் போட்டாள்.
ஒரே ஒரு வளைவு, அதுவும் அகலமாக,
தேர் திரும்புகிற மாதிரி.

மோட்டாரையும் மாற்றினாள்,
மெதுவாக ஓடத் தெரிந்த ஒன்றாக.
"பாதி வேகத்துக்குப் பாதித் தண்ணிதான் வரும் அண்ணே.
ஆனா கரண்டு பாதி இல்லை. எட்டுல ஒரு பங்கு."
நான் தாளைத் தேடினேன்.
உமையாள் மனசிலேயே முடித்திருந்தாள்:
"ரெண்டு மடங்கு நேரம் ஓடட்டும்.
அப்பவும் கால்தான்."

கடைசியாக, நீர் வரும் கண்களைத் திருகி
எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்தாள்.
ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுக்
கைகழுவப் போனாள்.

ஈசான மூலையில் நாள்கணக்காய்க்
குந்தியிருக்கும் இலைகளை எனக்குத் தெரியும்.
இது குந்தவில்லை.
சுவரோரமாகவே போனது.
படிக்கட்டருகே கொஞ்சம் தயங்கியது.
காபி ஆறுவதற்குள் வடிகூடைக்குள் விழுந்தது.

அன்று ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்
மோட்டார் மேல் உள்ளங்கை வைத்துப் பார்த்தேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பழையதை விலைக்குக் கேட்டுக்
கோட்டையூரிலிருந்து ஒருவர் வந்தார்.
இருபதடிக் குளமாம்.
ஒன்று போதுமே என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார் என்னை.