நான்கிலிருந்து மூன்றுக்கு

முதலில் என்னைத் தோற்கடித்தது நாற்காலி.
பிரேக்கை மிதித்தேன்;
திரைக்குள் கார் முன்னே பாய,
நான் பின்னே உருண்டு
சமையலறைக் கதவில் முட்டி நின்றேன்.

நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கும்
மாசானத்தின் பழைய சேஃப்டி ஷூ இரண்டை
நாற்காலியின் பின்சக்கரங்களுக்கு மாட்டிவிட்டேன்.
இரும்பு முனை வைத்த ஷூ. அசையவில்லை.
அவன் கரைக்கு வர இன்னும் பத்தொன்பது நாள்.

ஷார்ஜா, அல் நஹ்தா, ஏழாவது மாடி.
கனடாவுக்குக் கிளம்பிய எதிர்வீட்டு ரோவெனா
நானூறு திர்ஹாமுக்குத் தந்துவிட்டுப் போனாள்
ஸ்டீயரிங், மூன்று பெடல், ஒரு கியர்.
கியரின் தலையில் அவள் மகன் ஒட்டிய
பச்சை டைனோசர். அதன் வாலை
என் உள்ளங்கை தினமும் கொஞ்சம் தேய்க்கிறது.

பகலில் நான் கம்பி வரைபவள்.
எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி,
எது எங்கே எத்தனை டிகிரி வளையும்
எல்லாம் தெரியும், தாளில்.
ரோடு டெஸ்டில் ஐந்து முறை ஃபெயில்.
ஒருமுறை மெதுவாம், ஒருமுறை வேகமாம்,
ஒருமுறை கண்ணாடி பார்க்கவில்லையாம்.
நான்காவதற்குக் காரணமே சொல்லவில்லை.
ஐந்தாவதில், ரவுண்டானாவுக்கு முன்னால் கியரைக் குறைத்ததும்
கார் கழுதைபோல் உதைத்தது.
பின்சீட்டில் முறைக்காகக் காத்திருந்த பெண்
தன் மதத்துக் கடவுளைக் கூப்பிட்டாள்.

அந்த உதையைத்தான் இங்கே
இரவு பதினொன்றுக்கு மேல் தேடுகிறேன்.

இடது கால் கிளட்சில்.
வலது பாதத்தின் முன்மேடு பிரேக்கில்;
அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
அதே பாதத்தின் வெளி ஓரம் சாய்ந்து
ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு.
தும்மல் அளவு. அவ்வளவுதான்.
எஞ்சின் குரல் உயரும் அந்த இடுக்கில்
நான்கிலிருந்து மூன்றுக்கு.
குதிகாலும் விரலும் என்று இதற்குப் பெயர்.
குதிகாலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

தட்டும்போது பிரேக் நழுவும்.
பிரேக்கைப் பிடித்தால் தட்டு எட்டாது.
கார் சுழன்று, புல்லில் பின்பக்கமாகப் போய்
விளம்பரப் பலகையைப் பார்த்தபடி நிற்கும்.
பார்க்கிங்கில் பையன்கள் விட்டுப்போன ரப்பர் பந்தைப்
பாதியாக அறுத்து பிரேக்கின் முதுகில் செருகினேன்.
இப்போது அது எதிர்த்துப் பேசுகிறது. நல்லது.

பிசகினால் மெட்டி பெடலில் படும்,
டிங்.
டிங். டிங்.
கீழ்வீட்டு சுதர்சனன்
துடைப்பக் கட்டையால் கூரையில் பதில் சொல்வார்.
போர்வையை நான்காக மடித்துப் பெடலுக்கு அடியில் போட்டேன்.

போனில் மாசானம்:
"என்ன சத்தம் அங்க?"
"மிக்ஸி."
"இந்த நேரத்துல யாருக்குச் சட்னி?"

பதினோராம் இரவு அது வந்தது.
மலைப்பாதையின் நான்காவது வளைவு.
மெட்டி பேசவில்லை. பாதம் தானாகச் சாய்ந்தது.
எஞ்சின் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது.
கார் தலையைக்கூட ஆட்டவில்லை.
வளைவு முடிந்து, அடுத்ததும் முடிந்து,
நேர்பாதையில்தான் எனக்கு உறைத்தது.

என் வலது பாதத்தில் இரண்டு பேர்
முப்பத்து நான்கு வருடமாக இருந்திருக்கிறார்கள்.
ஒருவரையே வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது டெஸ்ட், காலை ஏழேகால்.
வெள்ளைக் கார். பக்கத்தில் போலீஸ் மேடம்,
மடியில் டேப்லெட், கையில் கரக் குவளை.
இங்கே பெடல்கள் வேறு உயரம், வேறு இடைவெளி;
ஷூவுக்குள், சாக்ஸுக்குள், மெட்டி ஊமை.
நான் ஒன்றும் திட்டமிடவில்லை.
ரவுண்டானா வந்தது,
பாதம் என்னைக் கேட்காமல் சாய்ந்தது.

எஞ்சின் கொஞ்சம் அதிகமாகவே கத்தியது.
ஆனால் உதை இல்லை. குவளையில் தேநீர்
விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது.

மேடம் குவளையைப் பார்த்தாள்.
பிறகு என் காலை.
"ஷூ ஹாதா?"
என்னிடம் இருந்த அரபியில்
அதற்குப் பதில் இல்லை. ஒரு விரலால்
கியரைக் காட்டினேன்.

டேப்லெட்டில் எதையோ தொட வந்த கை நின்றது.
கண்ணாடிக்கு வெளியே, அடுத்த ரவுண்டானாவை நோக்கி
முகவாயால் சுட்டினாள்:

"ஒன்ஸ் மோர்."