வெள்ளை ஆடினவள்

தட்டாதெருச் சந்தியில்
அமிர்தசீலனின் போட்டோக் கொப்பிக் கடை.
சுவரில், லமினேற் பண்ணிய ஒரு செஸ் பலகைப் படம்.
இருபத்துமூன்றாவது நகர்வு:
கறுப்பு ராணி தனியே வந்து
என் ராஜாவின் வாசலில் நிற்கிறாள்.
படத்தில் ஒரு பிழை உண்டு.
இடக்கரைச் சிப்பாய் ஒரு கட்டம் கூடுதலாய் ஏறியிருக்கிறது.
பதின்மூன்று வருஷமாய்ப் பார்க்கிறேன், சொன்னதில்லை.

அடையாள அட்டைக்குப் பிரதி எடுக்க வருகிறவர்களிடம்
என்னைக் காட்டுவான்:
“இவதான் வெள்ளை.”
விபத்தில் தப்பினவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

சமாதான காலம். கொக்குவிலில் ஒரு ரியூட்டரி மண்டபம்.
கடன் வாங்கிய மணிக்கூடு,
என் பக்கப் பொத்தான் இறுகிப்போய்
குத்தித்தான் அமத்தவேணும்.
அவன் ராணியை வைத்தான்.
வாங்கில் ஏறி நின்றவர்களின் கதை நின்றது.

மூன்று பேர் அவளை வெட்டலாம்.
ஓரச் சிப்பாய் வெட்டினால் குதிரை பாயும்.
மற்றச் சிப்பாய் வெட்டினால் கோட்டை இறங்கும்.
ராணியை ராணி வெட்டினால்
சாவு கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான்.
பதினொரு நிமிஷம்.
யோசித்தேன் என்று சொல்லமாட்டேன்,
புடவைக்கடையில் நிற்பதுபோல
மூன்றில் எது வடிவு என்று பார்த்தேன்.
ஓரச் சிப்பாயை எடுத்தேன்.

ஐரோப்பிய ஊரொன்றில் இப்படி வந்து நின்ற ராணிக்குப்
பார்த்தவர்கள் பொற்காசு எறிந்தார்களாம்.
கதைதான்; உறுதியாய்ச் சொல்ல ஆளில்லை.
எங்களுக்கு ஒருவர் மிக்சர் பைக்கற் உடைத்தார்.
லண்டனில் இன்னொருவன்
இரண்டு கோட்டையும் ராணியும் கொடுத்து வென்ற ஆட்டத்தைத்
தோற்றவனே பாரிசுக்குத் தந்தியில் அனுப்பினானாம்.
அவனை எனக்குப் பிடிக்கும்.
காசு கட்டித் தன் சாவை அறிவித்தவன்.

போன மாசம், காணிக் கந்தோரில்,
மத்தியானச் சோற்றுப் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு
போனில் அந்த நிலையை அடுக்கிப் பார்த்தேன்.
இரண்டு செக்கனில் சொன்னது:
வெட்டாதே.
கோட்டையை ஒரு கட்டம் அரக்கு.
ராணி அங்கேயே நிற்கட்டும்,
பத்து நகர்வில் அவனிடம் ஒன்றும் மிஞ்சாது.

மேசைக்கு மேல் குனிந்திருந்த இருபது தலையும்
காணாத நாலாவது வழி.
அன்று பின்னேரம் மூன்று உறுதிகளில் திகதி பிழையாய் எழுதினேன்.

இன்று கழகம் பழைய ஆட்டங்களைச் சேர்க்கிறதாம்.
அவன் தாளைக் கறையான் தின்றுவிட்டது, என்னுடையது இருக்கிறது.
அவனுடைய நகர்வுக்குப் பக்கத்தில்
அன்றிரவே நான் போட்ட இரண்டு ஆச்சரியக்குறி,
மை கொஞ்சம் பரவி.

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தான்.
பச்சை வெளிச்சம் ஒருக்கால் ஓடி முடியுமட்டும்
பேசாமல் நின்றான்.
பிறகு, மெசினுக்குச் சொல்வதுபோல:
“கோட்டையை அரக்கியிருந்தா நான் முடிஞ்சன்.”

“எப்ப கண்டனீர்?”

“ராணியில இருந்து கையை எடுத்த உடன.”

அந்தப் பதினொரு நிமிஷமும்
அவன் அண்ணாந்து விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
தலைக்கனம் என்று நினைத்திருந்தேன்.
“அந்தக் கட்டத்தைப் பாத்திருந்தா
என்ர கண்ணில இருந்து நீர் எடுத்திருப்பீர்.
விசிறிக்கு மூண்டு தகடு.
திரும்பத் திரும்ப எண்ணினனான்.”

அப்ப அதுதான் நகர்வு.
ராணி வெறும் ராணி.

ஒருநாளும் என்னிடம் காசு வாங்காதவன்
“பத்து ரூபா” என்றான்.
கைப்பைக்குள் துழாவினேன்.
அஞ்சு ரூபாக் குத்தி இரண்டு, மஞ்சள்,
கண்ணாடியில் போட்டேன்.
ஒன்று உருண்டுபோய்ப் பேப்பர் தட்டுக்குள் விழுந்தது.
அவன் குனிந்து தேடிக்கொண்டிருக்க,
சைக்கிளை எடுக்கையில் உள்ளே பார்த்துச் சொன்னேன்:

“அந்தப் படத்தில
இடக்கரைச் சிப்பாய் ஒரு கட்டம் கீழ நிக்கவேணும்.”