நீல ஸ்டூல்

களியக்காவிளை ஜங்ஷனில் மூன்று மாடி ஜவுளிக்கடை.
இரண்டாம் மாடியில் நைட்டி, உள்பாவாடை.
ஒன்பது வருஷம் நின்றேன்.
சுவரில் சாய்ந்தால் கேமரா சொல்லிவிடும்.

சட்டம் வந்தது. ஸ்டூல் வந்தது.
மாடிக்கு நாலு, நீல பிளாஸ்டிக்,
நடுவில் ஒரு துளையோடு.
ஜெனிட்டா உட்கார்ந்து காலை ஆட்டினாள்,
சுபிதா உட்கார்ந்து சிரித்தாள்.
நான் நின்றேன்.
"எட்டி றோஸ்லெட், ஒனக்கு மட்டும் என்ன பவுறு?"

காலையில் கக்கூஸில்
கண்ணாடிச் சில்லு பெற்றுவிட்டு வந்தவள்
என்ன சொல்ல?
வெள்ளை டைல்ஸில் மூன்று சொட்டு,
மாதக் கணக்கில் சேராத சிவப்பு.
பிறகு மத்தியானம் வரை எரியும்.

மூலம் என்று நானே பெயர் வைத்தேன்.
பஸ்ஸ்டாண்டுச் சுவரில்
'மூலம் பௌத்திரம் ஒரே ஊசி' நோட்டீஸ்,
அதன் நம்பர் எனக்குப் பாதி மனப்பாடம்.

தெரிந்த முகம் இராது என்று
எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனேன்.
டோக்கன் தந்தவள்
போன ஓணத்துக்கு என்னிடம் நைட்டி எடுத்தவள்.
உள்ளே லேடி டாக்டர் கேட்டார்:
"ஸ்டூல் எங்ஙனெ?"
"நீலம், பிளாஸ்டிக். நான் உட்காருவதில்லை."
அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்,
சிரித்தபோதும் வலித்தது.

மூலமல்ல, கீறல்.
உதடு வெடிக்கிற மாதிரி,
இடம்தான் வேறு.
ஆறு வாரம் பார்ப்போம், ரத்தம் நிற்காவிட்டால் வா.
"வெள்ளம் எத்ர குடிக்கும்?"

அங்கேதான் மாட்டினேன்.
குடித்தால் போகணும், போகணும் என்றால் சாவி.
சாவி கீழே, சூப்பர்வைசர் தாசையனின் மேசைக்குப் பின்னால்
ஓர் ஆணியில்.
கேட்டால் வாட்ச்சைப் பார்ப்பார்.
அதனால் காலையில் ஒரு சாயா, மத்தியானம் ஒரு மடக்கு.
ஒன்பது வருஷம் என் குடல்
கிடைத்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு
கல்லைத் திருப்பித் தந்திருக்கிறது.

துணி ஊறும் பேசின் என் பேசின் ஆயிற்று.
கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர்,
சோப்பு இல்லை, டெட்டால் இல்லை.
குளிமுறிக் கதவுக்கு வெளியே வீட்டுக்காரர்:
"உள்ள என்ன செய்யுத?"
"இரிக்கேன்."
பொய்யில்லை. வருஷக்கணக்கில்
சும்மா இருந்த முதல் பத்து நிமிஷம்.

மரச்சீனியும் முளகு போட்ட மீன்கறியும் தள்ளி வைத்தேன்.
சம்பாக் கஞ்சி, சிறுபயறு,
முருங்கையிலைத் துவரன்,
பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டி விழுந்த பப்பாளி,
ராத்திரி இரண்டு மட்டிப்பழம்.
முக்கக்கூடாது. வராவிட்டால் எழும்பி வந்துவிட வேண்டும்,
கடன் கேட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி
கெஞ்சக்கூடாது.

நாலாம் வாரம் இஞ்சிவிளையில் ஒரு கல்யாணம்.
பரோட்டா, ரோஸ்ட், ஆசை.
மறுநாள் மறுபடி சில்லு.
பேசினில் இருந்து அழுதேன்.
பிறகு பயறு ஊறப்போட்டேன்.

கடைக்கு இரண்டு லிட்டர் பாட்டில் கொண்டுபோனேன்,
நைட்டி அடுக்குக்கு முன்னால் வைத்தேன்.
பத்தரைக்குச் சாவி. பன்னிரண்டுக்குச் சாவி.
மூன்றுக்குக் கேட்டபோது தாசையன்:
"ஒனக்கென்ன, சுகரா?"
"தாகம்."
அடுத்த வாரம் சுபிதாவிடம் ஒரு பாட்டில்,
ஜெனிட்டாவிடம் மூடி உடைந்த ஒன்று.
சாவி கைமாறிக் கைமாறி
ஆணிக்குப் போவதையே மறந்தது.
அவர் ஆணியைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார்,
விட்டுவிட்டார்.

ஒன்பதாம் வாரம், செவ்வாய், மழை, ஆளில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
முதலில் ஒரு பக்கம். பிறகு முழுசும்.
ஒன்றும் நடக்கவில்லை.
அதைக் கொஞ்ச நேரம்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

நனைந்த குடையோடு ஒருத்தி வந்தாள்.
"டபுள் எக்ஸெல் உண்டா?"
உண்டு என்றேன்.
எழும்பத்தான் வேண்டும்.
கொஞ்சம் மெதுவாக எழும்பினேன்,
வலியால் அல்ல.