வெடியுப்பு, ஒரு மில்லி

சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடி.
கடலுக்குப் போக நூற்று முப்பது கிலோமீட்டர்.
பாலாறு பக்கத்தில்தான், அதில் மணலும் இல்லை இப்போது.
என்னிடம் கடல் இருக்கிறது,
அறுபது லிட்டர்.
பொத்தான் பவளம் மூன்று கொத்து,
கோமாளி மீன் ஒரு ஜோடி, பெயர் வைக்காத நத்தைகள் ஐந்து,
குடை மாதிரி ஒரு பவளம். அதற்குத் தோல் பவளம் என்று பெயர்;
ஆம்பூர்க்காரனிடம் சொன்னால் சதுர அடி என்ன விலை என்பான்.

பகலெல்லாம் நான் பார்ப்பது இரத்தம்.
குழாய் குழாயாக வந்து எண்களாகிப் போகும்.
பொட்டாசியம் ஆறைத் தாண்டினால்
வார்டுக்குப் போன் அடிப்பேன்,
அந்த முனையில் யாரோ ஓடுவார்கள்.

அந்தப் புத்தியோடுதான் தொட்டியையும் வைத்திருந்தேன்.
இரை ஒரு சிட்டிகை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஸ்கிம்மர் இரவும் பகலும்.
பாஸ்பேட் உறிஞ்சும் துருப்பொடி, சொன்னதற்கு இரண்டு பங்கு.
சோதனைக் குழாயில் நிறமே ஏறவில்லை:
நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம்.
காட்பாடி கோதண்டபாணிக்குப் படம் அனுப்பினேன்.
'தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியலையே' என்றான்.
இரண்டு நாள் அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

பிறகு தோல் பவளம் வெளுத்தது.
மணல்மேல் பழுப்பாக ஒரு சளி,
ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு குமிழி.
உறிஞ்சி எடுத்தேன்.
மறுநாள் மதியத்துக்குள் வந்துவிட்டது.
விளக்கணைத்தால் காணோம், விளக்கு போட்டால் ஆஜர்.
வாடகைக்கு வரும் வஜ்ரவேலுகூட
இவ்வளவு ஒழுங்கில்லை.
எட்டு நாள் துடைத்தேன்.
நத்தை ஒன்று கவிழ்ந்து கிடந்தது, நிமிர்த்தினேன்,
மறுபடி கவிழ்ந்தது.

ஒன்பதாம் நாள்தான் உறைத்தது.
அழுக்கில் முளைத்ததில்லை இது.
பந்தியைக் கழுவி விட்டேன், எல்லோரும் எழுந்து போனார்கள்,
பசி பழகியது மட்டும் உட்கார்ந்துகொண்டது.

கெமிக்கல் கடையில் கேட்டேன்:
பொட்டாசியம் நைட்ரேட், ஐம்பது கிராம்.
'எதுக்கு?'
மீன் தொட்டிக்கு.
'மீனுக்கு வெடியுப்பா?'
ஆதார் நகல் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.
திரும்பும்போது கோட்டைப் பக்கம் சிக்னலில் நின்றேன்.
இந்த உப்பைத் தின்று குண்டு துப்பிய சுவர்.
கீழே அகழி, பச்சைப் பசேல் என்று,
சோளப்பொரி பாக்கெட் மிதக்க, மீன் துள்ள,
யாரும் எதையும் அளக்காமல்.

இன்சுலின் ஊசியில் ஒரு மில்லி.
ஊருக்கெல்லாம் வடிகட்டி வெளியேற்றுவதை
நான் காசு கொடுத்து வாங்கிச்
சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிறேன்.
துருப்பொடியை எடுத்தாயிற்று. ஸ்கிம்மருக்கு இரவு விடுப்பு.
கால்சியம் காலையில்,
ஆப்பத்துக்குப் போடும் அதே சோடா படுக்கும்முன்;
இரண்டும் ஒரே நேரத்தில் சந்தித்தால்
வெள்ளையாகச் சண்டை போட்டு அடியில் படிந்துவிடும்.
நீலம் மஞ்சளாகும்வரை சொட்டு எண்ணுகிறேன்: ஆறு, ஏழு,
ஏழரை என்று ஒரு சொட்டு கிடையாது.
அதற்குள் அக்னி நட்சத்திரம். மின்விசிறி ஊத ஊத
நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது, உப்பு மட்டும் இருந்துகொள்கிறது.
நல்ல தண்ணீர் ஊற்றி ஈடு கட்டுகிறேன்.

மூன்று வாரம்.
சளி இன்னும் இடது மூலையில் இருக்கிறது, மெலிந்து.
நத்தைகள் நான்கு.
தோல் பவளம் நேற்று சாயங்காலம் விரல்களை நீட்டியது,
பாதிதான். மறுபாதி யோசிக்கிறது.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.
பேட்டரி மோட்டார் குமிழி விடும் சத்தத்தில்
போன் வெளிச்சத்தில் குழாயை வெள்ளைத் தாள்மேல் பிடித்தேன்.
இளஞ்சிவப்பு. அல்லது என் விரலின் நிறம்.
இங்கே போன் அடிக்க வார்டு இல்லை.
காலண்டரில் ஐந்து என்று எழுதினேன்.
நாலாகவும் இருக்கலாம்.