கலங்கலும் தெளிவும்

சான் டியேகோவிலிருந்து அன்செல்மோ
இரண்டு மூட்டை ஹாப்ஸோடு வந்திறங்கினான்.
வெர்மான்டில் பனி, முழங்கால் வரை.

"பியர் என்றால், கிளாஸுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்
முகம் தெரிய வேண்டும்" என்றான்.
"குடிக்கத்தானே, கண்ணாடி பார்க்கவா?"
என்றாள் டார்சி. அவளுடையது
ஆரஞ்சுச் சாறு போலக் கலங்கல்.

கசப்பை எப்போது போடுவது என்பதிலேயே
மதியம் போயிற்று.
தண்ணீர் விஷயத்தில் இருவருமே மசியவில்லை;
அவரவர் ஊர்த் தண்ணீர், அவரவர் நாக்கு.

நள்ளிரவில் பம்பு நின்றது.
கொதித்த சாற்றை வாளி வாளியாகக்
கைமாற்றி ஊற்றினார்கள்,
விடியும்வரை,
ஒரு வார்த்தை பேசாமல்.

பிறகு, பெட்ரோல் பங்கில் வாங்கிய
மலிவு டப்பா பியர்
ஆளுக்கொன்று உடைத்தார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.

லேபிளில் இதைச் சொல்வதில்லை என்பதில் மட்டும்
தகராறே இல்லை.